காது எத்தனை பர்சன்ட் போச்சு?

கரண்ட் போனால் எங்கள் அம்மாவுக்குக் காது கேட்காது. முதலில் இதைக் கவனித்தது என் மகள். மின்விசிறி நின்று வீடே அமைதியாக இருக்கும் நேரம், அப்போதுதான் பேச்சு நன்றாகக் கேட்க வேண்டும். ஆனால் அந்த நேரத்தில்தான் "என்ன சாமி சொன்னே?" என்று அம்மா திரும்பத் திரும்பக் கேட்பார். விளக்கு வந்ததும் சரியாகிவிடும். "அம்முச்சி காதால கேக்கறதில்ல, கண்ணால கேக்கறாங்க" என்றாள் மகள்.

அது உண்மைதான் என்று பிறகு தெரிந்தது. குமாரபாளையத்தில் விசைத்தறிக் கூடத்தில் 22 வருடம் வேலை பார்த்தவர் அம்மா. தறி ஓடும்போது பக்கத்தில் நின்று கத்தினாலும் பேச்சு எடுபடாது. உதட்டசைவிலும் கைச்சாடையிலும்தான் அங்கே பேசிக்கொள்வார்கள். அந்தப் பழக்கத்தில், காது மெல்ல மெல்லக் குறைந்தபோது அவரையறியாமலே எங்கள் வாயைப் பார்த்துப் பேச்சைப் பிடிக்க ஆரம்பித்திருக்கிறார். கேட்டால், "எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது, நீங்கதான் வாய்க்குள்ளயே பேசறீங்க" என்பார்.

டெஸ்ட் எடுத்து வந்த அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனை பர்சன்ட் போச்சு?" என்பதுதான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. காது கேட்பது தண்ணீர்த் தொட்டி மாதிரி பாதி, முக்கால் என்று குறைகிற விஷயம் இல்லை என்பது அதற்கப்புறம் படித்தும் கேட்டும்தான் புரிந்தது. அது புரியாததால் நாங்கள் வீணாக்கிய இரண்டு வருடத்தை வேறு யாரும் வீணாக்கக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஊமையான கட்டைகள்

ஓர் ஆர்மோனியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கக் கட்டைகள் கனமான ஒலி தரும், வலது பக்கம் போகப் போகச் சன்னமான கீச்சொலி. இப்போது வலது பக்கத்தில் பத்துக் கட்டைகள் ஊமையாகிவிட்டன. யாராவது ஒரு பாட்டு வாசித்தால் கேட்கும், ஆனால் அங்கங்கே ஸ்வரம் விழாது. துருத்தியை எவ்வளவு வேகமாக அமுக்கினாலும் மற்ற கட்டைகள்தான் இன்னும் அலறும். ஊமையான கட்டைகள் ஊமையாகவே இருக்கும்.

அம்மாவின் காது இப்படித்தான் ஆகியிருந்தது. நாங்கள் செய்ததெல்லாம் துருத்தியை அமுக்கியது, அதாவது கத்தியது.

ஒலி என்பது காற்றின் அதிர்வு. ஒரு நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே அதிர்வெண். அதை ஹெர்ட்ஸ் என்ற அலகில் சொல்வார்கள். தவிலின் தொப்பி 'தொம்' என்பது குறைந்த அதிர்வெண், ஜால்ராவின் 'கிணிங்' அதிக அதிர்வெண். ஒலி எவ்வளவு வலுவாக இருக்கிறது என்பது வேறு கணக்கு. அதன் அலகு டெசிபல். சுருதியும் சத்தமும் தனித்தனி. காது பற்றிய பேச்சில் இந்த இரண்டையும் ஒன்றாகக் கலப்பதுதான் பெரும்பாலான குழப்பத்துக்குக் காரணம்.

உள்ளே என்னதான் நடக்கிறது?

காதுத் துளைக்குள் போகும் ஒலி செவிப்பறையில் மோதி அதை அதிர வைக்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று குட்டி எலும்புகள் சங்கிலியாகக் கோத்திருக்கின்றன. அங்கவடி எலும்பு மூன்று மில்லிமீட்டர் அளவுதான், உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு. இவை அதிர்வை உள்ளே இருக்கும் காக்ளியாவுக்குக் கடத்துகின்றன. காக்ளியா நத்தை ஓடு மாதிரி இரண்டரைச் சுற்றுக்குச் சுருண்ட, திரவம் நிரம்பிய குழாய். அதற்குள் சுமார் 15,000 செல்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் தலையில் நுண்ணிய மயிர் போன்ற இழைகள் இருப்பதால் மயிர்ச்செல் என்று பெயர். திரவம் அசையும்போது இழைகள் சாயும். சாய்ந்ததும் அந்தச் செல் ஒரு மின்குறிப்பை நரம்புக்கு அனுப்பும். மூளை அதைத்தான் ஒலி என்று எடுத்துக்கொள்கிறது.

ஆர்மோனியத்தை உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. காக்ளியாவின் அமைப்பே ஏறக்குறைய அப்படித்தான். வாசல் பக்கம் இருக்கும் செல்கள் கீச்சொலிக்கு, சுருளின் உள்முனையில் இருப்பவை கனத்த ஒலிக்கு. எந்த இடம் அதிகமாக அதிர்கிறது என்பதை வைத்து மூளை சுருதியை அறிகிறது. இதை ஆராய்ந்து காட்டியதற்காகத்தான் கேயோர்க் ஃபான் பேகேஷி 1961-இல் நோபல் பரிசு பெற்றார்.

மயிர்ச்செல் ஒரு முறை செத்தால் மனிதனுக்கு மறுபடி முளைக்காது. கோழிக்கு முளைக்கும்! பறவைகளின் காது தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது, நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தறிச் சத்தமோ வெடிச் சத்தமோ வருடக்கணக்கில் கேட்டால் முதலில் அடி வாங்குவது 4000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. வயதானாலும் கீச்சொலிப் பக்கம்தான் முதலில் தேயும்.

இதிலிருந்து காது கேளாமையின் இரண்டு பெரிய வகைகள் தெளிவாகும். ஒலி காக்ளியாவுக்குப் போய்ச் சேரும் வழியில் தடை இருந்தால் அது கடத்தல் குறைபாடு. குறும்பி அடைத்தது, செவிப்பறையில் ஓட்டை, சளியால் நடுக்காதில் நீர் சேர்ந்தது, எலும்புச் சங்கிலி இறுகியது எல்லாம் இதில் வரும். இரண்டு விரலையும் காதில் வைத்துக்கொண்டு கேட்டுப் பாருங்கள், பேச்சு சின்னதாகும், ஆனால் குழம்பாது. இந்த வகையில் பெரும்பாலும் மருந்தோ அறுவை சிகிச்சையோ உதவும். காக்ளியாவோ நரம்போ பழுதானால் உணர்நரம்புக் குறைபாடு. ஊமைக் கட்டை என்று சொன்னது இதைத்தான். சிலருக்கு இரண்டும் சேர்ந்தும் இருக்கும்.

சுருக்கமாக: வழியில் தடை என்றால் சத்தம் குறையும். உள்ளே சேதம் என்றால் சத்தத்தோடு தெளிவும் போகும்.

பட்டை கேட்டால் தட்டு வருவது ஏன்?

அடுப்படியிலிருந்து "பட்டை எடும்மா" என்று கேட்டேன். அம்மா தட்டை எடுத்து வந்து நீட்டினார். அன்றைக்கு எரிச்சல்தான் வந்தது. இப்போது யோசித்தால் அந்த ஒரு வாக்கியத்தில் முழுப் பாடமும் இருக்கிறது.

பட்டை எடு, தட்டை எடு, சட்டை எடு, கட்டை எடு. நான்கிலும் மாறுவது முதல் ஒலி மட்டும்தான். 'அ', 'ஐ' போன்ற உயிரொலிகள் வலுவானவை, அவற்றின் பலம் குறைந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. க, த, ப எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் வெடித்து அடங்கும் மெலிந்த ஒலிகள். 'பஸ்' என்பதில் வரும் ஸகரத்தின் பலம் பெரும்பாலும் 4000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது. வலது பக்கக் கட்டைகள் ஊமையானவருக்கு இவை விழாது. அவர் காதில் விழுவது 'அட்டை எடு' என்பதுதான். யாரோ ஏதோ எடுக்கச் சொல்கிறார்கள் என்பது தெரியும், எதை என்பதை ஊகிக்க வேண்டும். முகத்தைப் பார்த்தால் உதடு ஒட்டுவது தெரியும், பகரம் என்று கண்டுபிடித்துவிடலாம். முதுகு காட்டிக்கொண்டு சமையலறையிலிருந்து கேட்டால் முடியாது. இருட்டிலும் முடியாது.

அதனால்தான் வயதானவர்கள் "கேக்குது, ஆனா புரியல" என்கிறார்கள். அது சாக்கு இல்லை. அதைவிடத் துல்லியமாக யாராலும் சொல்ல முடியாது. கார் ஹாரன் அடித்தால் திரும்புகிறார், கூப்பிட்டால் மட்டும் திரும்புவதில்லை என்று "தனக்கு வேண்டியது மட்டும் காதுல விழும்" எனப் பழி போடுகிறோம். ஹாரன் ஒலிக்கும் கட்டை அவர் காதில் இன்னும் வேலை செய்கிறது, அவ்வளவுதான்.

டெஸ்ட் அறையில்

மூக்குத் தொண்டை காது மருத்துவர் முதலில் காதுக்குள் பார்ப்பார், குறும்பி இருந்தால் எடுப்பார். அடுத்து கேட்பியல் வல்லுநர், அதாவது ஆடியாலஜிஸ்ட், அளந்து பார்ப்பார். வெளிச்சத்தம் புகாத சின்ன அறை. தலையில் ஹெட்ஃபோன், கையில் ஒரு பட்டன். "எவ்வளவு சின்னதா கேட்டாலும் அமுக்குங்கம்மா, சந்தேகமா இருந்தாலும் பரவால்ல" என்றது ஆடியாலஜிஸ்ட் பெண். கண்ணாடிக்கு வெளியே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் அம்மா டக் டக்கென்று அமுக்கினார். பிறகு நீண்ட நேரம் விரல் பட்டன் மேலேயே அசையாமல் இருந்தது. வெளியே மீட்டரில் ஒலி ஏறிக்கொண்டே போவது எனக்குத் தெரிந்தது. அம்மா மட்டும் அமைதியாகக் காத்திருந்தார். இத்தனை நாள் வீட்டில் அவர் எதைத் தவறவிட்டார் என்று எனக்கு உறைத்தது அந்த நிமிடம்தான்.

இதன் பெயர் பியூர் டோன் பரிசோதனை. ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் அவருக்குக் கேட்கும் மிகச் சிறிய ஒலி எது என்று தேடுவார்கள். அந்த எல்லைக்கு வாசல் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பொதுவாக 250 முதல் 8000 ஹெர்ட்ஸ் வரை பார்ப்பார்கள். கிடைத்த புள்ளிகளை வரைந்த படம்தான் ஆடியோகிராம். இடமிருந்து வலம் அதிர்வெண், ஆர்மோனியம் போலவே. மேலிருந்து கீழே டெசிபல். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. புள்ளி எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு பெரிய ஒலி தேவைப்படுகிறது என்று பொருள். நல்ல காதுள்ள இளைஞர்களின் சராசரி வாசல் அளவைத்தான் 0 டெசிபல் என்று வைத்திருக்கிறார்கள். ஆகவே 0 என்றால் ஒலியே இல்லை என்று அர்த்தம் கிடையாது. 20, 25 வரை இருந்தால் இயல்பு என்பார்கள்.

அம்மாவின் படத்தில் கோடு இடது பக்கம் 20-இல் தொடங்கி, 2000 ஹெர்ட்ஸில் 45-க்கு இறங்கி, 4000-இல் 70-க்கு விழுந்து, 8000-இல் கொஞ்சம் மேலேறியிருந்தது. "தறி ஓட்டினீங்களாம்மா?" என்று கேட்டது அந்தப் பெண். நாங்கள் அதுவரை வேலையைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இன்னொரு கருவியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தும் பார்ப்பார்கள். அது வெளிக்காதையும் நடுக்காதையும் தாண்டி அதிர்வை நேராகக் காக்ளியாவுக்கு அனுப்பும். ஹெட்ஃபோனில் மோசமாகவும் எலும்பு வழியாக நன்றாகவும் கேட்டால் தடை வழியில்தான் இருக்கிறது. இரண்டும் ஒரே மாதிரி மோசம் என்றால் சேதம் உள்ளே. கடைசியாகச் சொற்களை ஒலிக்கவிட்டுத் திருப்பிச் சொல்லச் சொல்வார்கள். எத்தனை சரியாக வந்தது என்பதற்கு ஒரு மதிப்பெண் உண்டு.

சரி, பர்சன்ட் கணக்கு எங்கிருந்து வந்தது? ஒன்று, இந்தச் சொல் பரிசோதனையின் மதிப்பெண். இன்னொன்று, மாற்றுத்திறனாளிச் சான்றிதழில் வருவது. சலுகை கொடுக்க அரசுக்கு ஏதோ ஒரு அளவுகோல் வேண்டுமே, அதற்காகப் போட்ட கணக்கு அது. 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தில்கூட வரையறை டெசிபலில்தான் இருக்கிறது: இரண்டு காதிலும் பேச்சொலி அதிர்வெண்களில் 60 முதல் 70 டெசிபல் இழப்பு என்றால் கேட்கும் திறன் குறைந்தவர், 70 என்றால் காது கேளாதவர். டெசிபலைப் பர்சன்ட் என்று படிக்கவே கூடாது. 10 டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு, 20 ஏறினால் நூறு மடங்கு. 60 டெசிபல் இழப்பு என்றால் 'அறுபது போய் நாற்பது மிச்சம்' இல்லை. நல்ல காதுக்குப் போதுமான ஒலியைப் போலப் பத்து லட்சம் மடங்கு ஆற்றலோடு வந்தால்தான் காதில் விழவே தொடங்கும்.

இதுவரை: எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு, தடை வழியிலா உள்ளேயா, சொல் எவ்வளவு புரிகிறது. இந்த மூன்று பதிலையும் ஒரே எண்ணுக்குள் அடக்க முடியாது.

பட்டன் அமுக்கத் தெரியாத குழந்தைக்கு

பச்சைக் குழந்தைக்கு வேறு வழி இருக்கிறது. நல்ல காக்ளியா ஒலியைக் கேட்கும்போது தானும் மெல்லிய ஓர் ஒலியை எழுப்பும். இதை 1978-இல் டேவிட் கெம்ப் கண்டுபிடித்தார். குழந்தை தூங்கும்போது காதில் சின்ன மைக் வைத்து அந்த எதிரொலியைப் பிடிப்பதுதான் ஓ.ஏ.ஈ. பரிசோதனை. சில நிமிடங்களில் முடிந்துவிடும், வலி கிடையாது. அதில் சந்தேகம் வந்தால் பெரா எடுப்பார்கள். காதில் ஒலி கொடுத்து, தலையில் ஒட்டிய பட்டைகள் மூலம் நரம்பு அனுப்பும் மின்குறிப்பு மூளைத்தண்டுக்குப் போகிறதா என்று பார்ப்பது அது.

பிறந்து ஒரு மாதத்துக்குள் முதல் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதி செய்வது, ஆறு மாதத்துக்குள் சிகிச்சையைத் தொடங்குவது என்பதுதான் உலகம் முழுதும் சொல்லப்படும் கணக்கு. நம் வீடுகளில் நடப்பது வேறு. "அவங்க அப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்று மூன்று வயது வரை காத்திருப்பார்கள். பின்னால் நின்று தட்டு தட்டிப் பார்த்து, குழந்தை திரும்பினால் நிம்மதி. தட்டின் அதிர்வு தரையில் வந்திருக்கலாம், நிழல் தெரிந்திருக்கலாம், கனத்த ஒலி மட்டும் கேட்டிருக்கலாம். மொழியைப் பிடிக்க மூளை திறந்து வைத்திருக்கும் அந்த முதல் வருடங்கள் திரும்பி வராது. ரத்த சொந்தத்தில் திருமணம் நடந்த குடும்பம், குறைமாதப் பிறப்பு, பிறந்ததும் கடுமையான மஞ்சள் காமாலை என்று இருந்தால் தட்டை நம்பாமல் கட்டாயம் டெஸ்ட் எடுங்கள்.

மெஷின் ஏன் பீரோவுக்குப் போகிறது?

எங்கள் வீட்டில் முதல் காது மெஷின் ஒரு கடையில் வாங்கியது. டெஸ்ட் எதுவும் கிடையாது, காதில் மாட்டி "இப்ப கேக்குதா?" என்றார்கள், "கேக்குது" என்றார் அம்மா. அது எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெரிதாக்கியது. நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த கனத்த ஒலிகள் இடித்தன, ஊமையான பகுதியில் பெரிய மாற்றமில்லை. குக்கர் விசில் அடித்தபோது அம்மா கழற்றி வைத்தவர் பிறகு தொடவில்லை. பட்டுப்புடவைகளுக்கு நடுவே பெட்டியோடு இரண்டு வருடம் கிடந்தது.

உள்காது பழுதானவருக்கு ஒரு விசித்திரம் உண்டு. சின்னச் சத்தம் கேட்காது, பெரிய சத்தமோ மற்றவர்களுக்குப் போலவே, சில நேரம் அதைவிட அதிகமாகவே, தாங்க முடியாமல் இருக்கும். கேட்பதற்கும் வலிப்பதற்கும் நடுவே இருக்கும் இடம் குறுகிப் போயிருக்கிறது. "கேக்கல" என்பார், நாம் குரலை உயர்த்தினால் "ஏன் இப்படிக் கத்தறே?" என்பார். இரண்டும் உண்மை. நல்ல டிஜிட்டல் மெஷினை ஆடியோகிராமைப் பார்த்து அமைப்பார்கள். தேய்ந்த அதிர்வெண்களை மட்டும் தூக்கும், சின்ன ஒலிக்கு அதிகமும் பெரிய ஒலிக்குக் குறைவாகவும் பலம் கொடுக்கும். விலையைவிட இந்த அமைப்புதான் முக்கியம் என்று அடித்துச் சொல்வேன்.

ஆனாலும் மெஷின் மூக்குக் கண்ணாடி போல அன்றைக்கே சரியாகாது. செத்த செல்லை அது எழுப்பாது, மிச்சம் இருப்பவற்றுக்கு ஒலியை எட்ட வைக்கும், அவ்வளவுதான். வருடக்கணக்கில் கேட்காத ஒலிகளை மூளை மறந்திருக்கும். டெஸ்டைப் பார்த்து அமைத்த புது மெஷினை மாட்டிய முதல் வாரம் அம்மாவுக்குக் குழாய்த் தண்ணீர், கேரி பேக் சரசரப்பு, சொந்தச் செருப்புச் சத்தம் எல்லாம் ஒரே இரைச்சல். மூளை எது முக்கியம், எதைத் தள்ள வேண்டும் என்று மறுபடி பழக வாரங்கள் ஆகும்.

மெஷினால் பலன் கிடைக்காத அளவு சேதம் என்றால் காக்ளியர் இம்பிளான்ட். இது ஒலியைப் பெரிதாக்கும் கருவி இல்லை. காக்ளியாவுக்குள் செருகிய மெல்லிய கம்பியில் இருக்கும் மின்முனைகள் செத்த செல்களின் வேலையை ஏற்று, நரம்பை நேரடியாகத் தூண்டுகின்றன. தமிழ்நாட்டில் சிறு குழந்தைகளுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இதைச் செய்துகொள்ளலாம். சைகை மொழியில் வளரும் குழந்தையும் முழுமையான மொழியோடுதான் வளர்கிறது. எந்த வழியாக இருந்தாலும் குழந்தைக்கு ஒரு மொழி சீக்கிரம் கிடைக்க வேண்டும்.

கேட்கப் பழகுவது

கருவி பொருத்திய பின் கேட்கவும் புரிந்துகொள்ளவும் பயிற்றுவிப்பதைக் கேட்டல் மறுவாழ்வுப் பயிற்சி என்கிறார்கள். அதில் நான்கு படி. ஒலி இருக்கிறதா இல்லையா என்று உணர்வது. இரண்டு ஒலி ஒன்றா வேறா என்று பிரிப்பது. எது எனக் கண்டு சொல்வது. பொருள் புரிந்து பதில் சொல்வது. பட்டையும் தட்டும் வேறு என்று தெரிவது இரண்டாம் படி, பட்டையைத் தேடி எடுத்து வருவது நான்காம் படி. குழந்தைக்கு இதைத் தெரபிஸ்ட் விளையாட்டாகச் சொல்லித் தருவார். ஆனால் அவர் வாரத்தில் ஒரு மணி நேரம்தான், மீதி எல்லாம் வீட்டில்தான் நடக்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்கள் மாற வேண்டியது நிறைய. பக்கத்து அறையிலிருந்து பேசாதீர்கள். தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபல் கூடும், எந்த மெஷினும் அதைவிட மலிவாகத் தராது. முகத்தில் வெளிச்சம் படும்படி நில்லுங்கள். மிக்ஸி ஓடும்போது எதுவும் சொல்லாதீர்கள். ஒரு முறை புரியவில்லை என்றால் அதையே மூன்று முறை கத்துவதைவிட வேறு சொல்லில் சொல்லிப் பாருங்கள். "பட்டை" புரியவில்லையா, "பிரியாணிக்குப் போடற பட்டை" என்றால் புரியும். எல்லாரும் சிரிக்கும்போது "என்ன சொன்னாங்க?" என்று கேட்டால் "ஒண்ணுமில்ல விடு" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அம்மா கல்யாண வீடுகளுக்கு வருவதை நிறுத்தியது அந்த வார்த்தையால்தான்.

தள்ளிப் போடக் கூடாதவை

ஒரே நாளில் அல்லது இரண்டு மூன்று நாளில் ஒரு காது திடீரென அடைத்த மாதிரி போனால் அது அவசரம். "சளியா இருக்கும்" என்று ஒரு மாதம் பார்க்காதீர்கள், அன்றே மருத்துவரிடம் போங்கள். ஸ்டீராய்டு மருந்து முதல் இரண்டு வாரத்துக்குள்தான் நன்றாக உதவும். காதில் சூடான எண்ணெய் ஊற்றுவதும் ஊக்கு விட்டுக் குடைவதும் வேண்டவே வேண்டாம். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் அந்த எண்ணெய் நடுக்காதுக்குப் போகும், குடைந்தால் குறும்பி இன்னும் உள்ளே போகும்.

காலை ஆறு ஒலி

அந்தப் பெண் எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். ம், ஊ, ஆ, ஈ, ஷ், ஸ் என்று ஆறு ஒலிகள். டேனியல் லிங் என்பவர் வகுத்தது. கனத்த ஒலியிலிருந்து மிகக் கீச்சொலி வரை, பேச்சு உலவும் இடம் முழுதும் இந்த ஆறில் அடங்கிவிடும். தினமும் மெஷின் மாட்டியதும் வாயை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்வேன், அம்மா திருப்பிச் சொல்வார். எங்கள் ஆர்மோனியத்தில் ஒவ்வொரு கட்டையையும் தட்டிப் பார்ப்பது மாதிரி.

போன மாதம் ஒரு காலை ம், ஊ, ஆ எல்லாம் வந்தது. ஷ் சொன்னேன், அம்மா என் முகத்தையே பார்த்தார். ஸ் சொன்னேன், அதற்கும் பதில் இல்லை. பயந்துபோய் மெஷினைக் கழற்றிப் பார்த்தால் குழாய் நுனியில் கடுகளவு குறும்பி. துடைத்து மாட்டிவிட்டு மறுபடி சொன்னேன்.

"ஸ்" என்றார் அம்மா. "அடுப்புல பாலை வெச்சுட்டு இங்க என்ன பண்றே? சத்தம் கேக்குது பாரு, பொங்கப் போகுது."